எழுபத்தைந்தாவது பிள்ளை

டன்ஃபோர்ட் ஆற்றங்கரை அறிவியல் மேக்னெட் பள்ளியில் அந்த ஆண்டு இருபத்தெட்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. வெளியே இருநூற்றுப் பதினோரு பிள்ளைகள் இடத்துக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு கணக்கும் ஒரே கோப்பில் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன. அந்தக் கோப்பு சேர்க்கை எழுத்தர் வெர்னா டிஸ்முக்கின் மேசையில் இருந்தது.

காலி நாற்காலி இங்கே, காத்திருக்கும் பிள்ளை அங்கே, இடையில் என்ன தடை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தடை ஒரு சதவீதம்தான். நாற்பது வருடங்களுக்கு முன்னால் டன்ஃபோர்ட் நகரத்துக் கறுப்பினப் பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். எங்கள் பிள்ளைகளை மட்டும் ஒன்றாக அடைத்து, ஒழுகுகிற கூரைக்குக் கீழே படிக்க வைக்கிறீர்களே என்று. நீதிபதியும் நியாயம் என்றார். மாநில அரசு யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தது. வெள்ளைக்காரப் பெற்றோர் ஓடோடி வரும்படி பிரமாதமான பள்ளிகளைக் கட்டுவோம், காந்தம் போல இழுக்கட்டும், எல்லாரும் கலந்து படிக்கட்டும் என்றது. நூற்றுக்கு இருபத்தைந்து பேராவது வெள்ளையராக இருக்க வேண்டும், அதற்கு ஒரு தலை குறைந்தாலும் பள்ளியின் பணம் போய்விடும். ஆக, வழக்கில் ஜெயித்தது கறுப்புப் பிள்ளைகள், கதவுக்கு வெளியே நிற்பதும் கறுப்புப் பிள்ளைகள். இதைக் கேட்டு யாராவது சிரித்தால் வெர்னாவுக்குக் கோபம் வராது. பதினாறு வருடமாக அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், இந்த வருடம் வரைக்கும்.

பள்ளியில் அப்போது வெள்ளைப் பிள்ளைகள் எழுபத்துநான்கு பேர். மற்றவர்கள், அதாவது கறுப்பு, போர்ட்டோ ரிக்கோ, இன்னும் பலதரப்பட்ட பிள்ளைகள், இருநூற்று இருபத்திரண்டு பேர். மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றாறு. சரியாகக் கால் பங்கு. இனி ஒரு கறுப்புப் பிள்ளையைச் சேர்த்தாலும் விதி உடையும். ஆனால் ஒரே ஒரு வெள்ளைப் பிள்ளை கூடுதலாக வந்தால் கணக்கு தளர்ந்து மூன்று இடம் திறக்கும். ஒன்றுக்கு மூன்று. அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் தெரிந்த கணக்கு அது.

அந்த ஒருவரைப் பிடிக்கத் தலைமையாசிரியர் டாக்டர் லோவெல் பிரிஸ்கோ என்னதான் செய்யவில்லை! ஆற்றைத் தாண்டி, வெள்ளைக்காரர் வாழும் ஓக் ஹாலோ எல்லையில்தான் பள்ளியையே கட்டியிருந்தார்கள். அது போதவில்லை என்று வாள்சண்டைக் கழகம் ஆரம்பித்தார். ஆட்டுக்குட்டிகள் வளர்த்தார். ஓக் ஹாலோவின் சனிக்கிழமைச் சந்தையில் தேன்புட்டிக் கடைக்கும் பூசணிக்காய்க் கடைக்கும் நடுவே பள்ளிக்கு ஒரு கடை போட்டு, வெர்னாவை அதில் உட்கார வைத்தார். மூன்று சனிக்கிழமைகளில் எண்பது பேர் இலவசப் பென்சில் வாங்கிப் போனார்கள். ஒருவரும் விண்ணப்பம் வாங்கவில்லை. பள்ளியின் விளம்பர மலரைப் பார்த்தால், செம்பட்டை முடிக்காரப் பையன் ஒருவன் முதல் பக்கத்தில் ரசாயனம் கலக்குவான், மூன்றாம் பக்கத்தில் வயலின் வாசிப்பான், ஆறாம் பக்கத்தில் ஆட்டுக்குப் புல் கொடுப்பான். அவன் படித்து முடித்து வெளியேறி இரண்டு வருடம் ஆகிறது.

இந்த வருடம் வெர்னாவுக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் காத்திருப்புப் பட்டியலில் மூன்றாவது பெயர். ஒடெசா டிஸ்முக். வயது பதினொன்று. அவளுடைய ஒரே மகள்.

குலுக்கலில் வந்த எண் அது. கம்ப்யூட்டர் குலுக்கியது, வெர்னா விரலைக்கூட வைக்கவில்லை. இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் மட்டும்தான் சேர முடியும், ஆக இந்த வருடம் விட்டால் விட்டதுதான். அக்டோபர் முதல் தேதி எண்ணிக்கை நாள். மாநிலத்திலிருந்து அதிகாரி வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தைப் பொறுத்துத்தான் கூடுதல் இடம். அன்று மாலை ஐந்து மணிக்குக் காத்திருப்புப் பட்டியல் குப்பைக்குப் போய்விடும்.

ஒடெசா படித்த பேட்டைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இல்லை. புதியவர் வரும்வரை உடற்பயிற்சி ஆசிரியர் எரிமலை வீடியோ போட்டார். செப்டம்பர் பாதிக்குள் அந்த எரிமலை நான்கு முறை வெடித்துவிட்டது. பள்ளி விட்டதும் ஒடெசா நகரப் பேருந்து பிடித்து அம்மாவின் அலுவலகத்துக்கு வருவாள். அறிவியல் கூடத்தில் இருபத்து நான்கு நுண்ணோக்கிகள் இருந்தன. அவற்றில் ஆறு, பார்க்க ஆளில்லாமல், பிளாஸ்டிக் உறை போட்டபடி ஓரமாக நின்றன. ஆசிரியர் பெல்லெட்டியே நல்ல மனிதர், கதவைப் பூட்டாமல் போவார். ஒடெசா ஒரு உறையைக் கழற்றி, ஆற்றுத் தண்ணீரைச் சொட்டு வைத்து, ஐந்து மணி வரைக்கும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருப்பாள்.

"அம்மா, இதுல வால் இருக்கிற ஒண்ணு இன்னொண்ண முழுங்குது. இங்க படிக்கிற பசங்க இத பாத்திருப்பாங்களா?"

"பாத்திருப்பாங்க கண்ணு."

"அப்புறம் ஏன் இது மேல உறை போட்டிருக்கு?"

"பாக்கிறதுக்கு ஆள் பத்தல."

"நான் ஆள் இல்லையா?"

வெர்னா பிளாஸ்டிக் உறையைக் கையில் எடுத்தாள். பதில் சொன்னால் சதவீதம் சொல்ல வேண்டும். பதினொரு வயதுக் குழந்தையிடம், நீ கால் பங்குக்கு மேலே மிஞ்சிப் போன முக்கால் பங்கு என்று எந்த வாயால் சொல்வது? உறையை மீண்டும் போட்டு, விளக்கை அணைத்து, மகளை வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் காத்திருப்போரின் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை வந்தது. முகவரி மாறியவர், ஊரை விட்டுப் போனவர் என்று கழிக்க வேண்டும். வெர்னா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நாற்பத்தோராம் எண்: ஹனான் ஷல்லாலி, வயது பதினொன்று. தந்தை அவாத் ஷல்லாலி, மருத்துவமனையில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இனம்: கறுப்பர் என்ற கட்டத்தில் டிக். பெற்றோர் பிறந்த ஊர்: அஸ்வான், எகிப்து.

அவள் அதைக் கடந்து அடுத்த தாளுக்குப் போய்விட்டாள். பிறகு கை தானாகத் திரும்பி வந்தது. விண்ணப்பத்தின் பின்பக்கத்தைப் பதினாறு வருடத்தில் ஒருவரும் படித்ததில்லை. எறும்பு எழுத்தில் இனங்களின் விளக்கம் அங்கே இருந்தது. வெள்ளையர்: ஐரோப்பா, மத்தியக் கிழக்கு அல்லது வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளில் தோன்றியவர்.

வெர்னா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். சுவரில் இருந்த உலக வரைபடத்துக்குப் போய் எகிப்து இருக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். அது வட ஆப்பிரிக்காவில்தான் இருந்தது, எங்கும் நகர்ந்து போயிருக்கவில்லை.

வெர்னா போன் செய்து அழைத்ததும், மறுநாள் காலை, இரவு வேலை முடிந்து நேராக வந்தார் அவாத் ஷல்லாலி. நீலச் சட்டையில் கிரீஸ் வாசம். வெர்னாவின் அப்பா தெற்கே பருத்திக் காட்டில் வெயிலில் வெந்தவர், அவரைவிட இந்த மனிதர் இரண்டு பங்கு கறுப்பு. வெர்னா விண்ணப்பத்தைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தைக் காட்டினாள். அவர் நிதானமாகப் படித்தார். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"மேடம், இது கேமரா எல்லாம் ஒளிச்சு வச்சு எடுக்கிற விளையாட்டு நிகழ்ச்சியா?"

"இல்லங்க. அரசாங்கப் படிவம்."

"நான் வெள்ளைக்காரனா?"

"படிவப்படி."

அவாத் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எகிப்துக்குத் தெற்கு ஓரத்துல இருக்கிற எங்க நூபிய ஜனங்கள கெய்ரோக்காரன் 'ஏய் கறுப்பா'ன்னுதான் கூப்பிடுவான். சினிமா எடுத்தா எங்களுக்கு வாயில்காப்பான் வேஷம்தான். போதும்டா சாமின்னு பொறுக்கமாட்டாம இங்க வந்தேன். இங்க விமான நிலையத்துல குடியேற்ற அதிகாரி என் மூஞ்சியப் பாத்துட்டு, ஒரு வார்த்தை கேக்காம, கறுப்புன்னு அவனே டிக் அடிச்சான். பன்னெண்டு வருஷமா கறுப்பனா இருக்கேன் மேடம். பழகிப்போச்சு. இப்ப வந்து மாறச் சொல்றீங்க."

"நான் மாறச் சொல்லல. உங்க பெத்தவங்க, அவங்க பெத்தவங்க எந்த மண்ணுன்னு நீங்கதான் சொல்லணும்."

"ஏழாயிரம் வருஷமா அதே ஆத்தங்கரைதான். அணை கட்டி எங்க ஊர மூழ்கடிச்சாங்களே, அது வரைக்கும்."

"அப்ப ரெண்டு கட்டமும் உங்களுக்குப் பொருந்தும். எதைப் போட்டாலும் பொய் இல்ல."

"ரெண்டையும் போட்டுட்டா?"

"போட்டா 'பல இனம்'னு மூணாவது கட்டத்துக்குத் தள்ளிடும். அது வெள்ளையில சேராது. ஹனான் நாப்பத்தொண்ணாவது எண்ணுலயே நிப்பா."

"வெள்ளைன்னு போட்டா?"

"நாளைக்கே சேரலாம். அந்தப் பக்கம் வரிசையே கிடையாது."

அவர் சிரிப்பை நிறுத்தினார். வெர்னா பேனாவை இன்னும் நீட்டவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னொண்ணு. மறைக்க விரும்பல. உங்க பொண்ணு அந்தப் பக்கம் வந்தா, இந்தப் பக்கம் மூணு பேருக்கு இடம் கிடைக்கும். மூணாவது பேரு என் பொண்ணு."

அவாத் அவளை ஏறிட்டுப் பார்த்தார். முதல் முறையாக மேடம் என்ற சொல்லை விட்டார்.

"உங்க பொண்ணுக்கு என்ன பிடிக்கும், சகோதரி?"

"தண்ணிக்குள்ள இருக்கிற பூச்சி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி."

"என் பொண்ணுக்கு எண்ணுறது. எதைப் பாத்தாலும் எண்ணுவா. படிக்கட்டு, தெருவிளக்கு, நான் இருமுறது, எல்லாம் கணக்கு." அவர் பேனாவை வாங்கினார். "ஒரு விஷயம். ஹனான் கிட்ட யாரும் இதைச் சொல்லக் கூடாது. அவ யாருன்னு அவளுக்கு நான் சொல்லிக்கிறேன். காகிதம் சொல்ல வேணாம்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

பழைய டிக்கின் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, புதிய கட்டத்தில் டிக் போட்டார். "வெள்ளைக்காரனா ஆனதுக்கு ஏதாவது சலுகை உண்டா? வாகன நிறுத்த இடம், அது இதுன்னு?"

"பால் ஊத்தின டீ வேணும்னா தர்றேன், அதுவும் பழுப்புத்தான்," என்றாள் வெர்னா.

எழுபத்தைந்தாவது வெள்ளைப் பிள்ளை கிடைத்துவிட்டது என்று கேட்டதும் டாக்டர் பிரிஸ்கோ அறையை விட்டு ஓடிவந்தார். விளம்பர மலருக்குப் புகைப்படக்காரரை அப்போதே போனில் கூப்பிட்டார். செம்பட்டைப் பையனை அட்டையிலிருந்து எடுத்துவிட்டுப் புதிய பெண்ணைப் போட வேண்டும், ஆட்டுக்குட்டியோடு. எந்தக் குடும்பம், ஓக் ஹாலோவா, அப்பா டாக்டரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போது அவாத் மகளின் கையைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். ஹனான் இரட்டைப் பின்னலும் மஞ்சள் ஸ்வெட்டருமாக, தரையின் ஓடுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பிரிஸ்கோ அவர்களுக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. இன்னும் கொஞ்சம் எட்டி, வாகனம் நிற்குமிடம் வரைக்கும் பார்த்தார்.

"வணக்கம்," என்றார். "நீங்க...?"

"நாங்கதான்," என்றார் அவாத்.

தலைமையாசிரியரின் முகத்தில் அப்போது நடந்ததை வெர்னா ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். அவர் கெட்டவர் அல்ல. ஒருவரின் தோற்றத்தை வைத்து அவர் இன்ன இனம் என்று ஊகிக்கவே கூடாது என்று வருடா வருடம் ஆகஸ்டில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுப்பவர் அவர்தான். அந்த வகுப்புக்குச் சுவரொட்டிகூட அடித்திருந்தார், அது அவருடைய தலைக்கு மேலேயே தொங்கியது. இப்போது தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையை வெளியே விட்டால் அந்தச் சுவரொட்டியைக் கழற்ற வேண்டும். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"நல்வரவு," என்றார் கடைசியில். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வக்கீலுக்குப் போன் போட்டார்.

வக்கீல் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பதில் ஒன்றரை வரி. பெற்றோர் எழுதிக் கொடுத்ததே இறுதி, பெற்றோர் எழுத மறுத்தால் மட்டுமே பள்ளி கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம். புகைப்படக்காரர் வந்தபோது டாக்டர் பிரிஸ்கோ ஆட்டுக்குட்டியை மட்டும் படம் எடுக்கச் சொன்னார்.

எண்ணிக்கை நாளுக்கு முந்தைய புதன்கிழமை ஹனான் சேர்ந்தாள். புதுப் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்து ஒதுக்கப் பத்து நாள் ஆகும் என்று போக்குவரத்துப் பிரிவு சொல்லிவிட்டது. அதனால் அவாத் இரவு வேலை முடிந்து, தூங்காத கண்ணோடு, தன் பழைய காரில் மகளைக் கொண்டுவந்து விட்டார். மூன்று நாளும் எட்டரைக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

நான்காவது நாள்தான் அக்டோபர் ஒன்று.

மாநில அதிகாரி மிஸ் ஹால்வர்சன் ஒன்பதுக்கு வந்தார். ஒல்லியான பெண்மணி, கழுத்தில் சங்கிலியில் கோர்த்த பேனா. பத்து மணிக்கு யார் நாற்காலியில் இருக்கிறார்களோ அவர்கள்தான் கணக்கு. மருத்துவச் சீட்டு இருந்தாலும் செல்லாது, தலை வேண்டும். அன்று அந்தப் பள்ளியில் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் ஐந்து பேர்.

ஒன்பதரைக்கு வருகைப் பட்டியல் வெர்னாவின் மேசைக்கு வந்தது. எழுபத்துநான்கு வெள்ளையர், ஒருவர் வரவில்லை. ஆறாம் வகுப்பு, ஷல்லாலி.

வெர்னா போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். ஒன்பது நாற்பதுக்கு எடுத்தார் அவாத், குரலை அடக்கிக்கொண்டு. "சகோதரி, ஓக் ஹாலோவுல போலீஸ் நிறுத்தி வச்சிருக்கான். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இறங்க விடல."

"எதுக்கு?"

"மெதுவாப் போனேனாம்."

"மெதுவாவா?"

"ஸ்கூல் பக்கத்துல மெதுவாப் போகச் சொல்லி போர்டு இருக்கே, அதான் போனேன். எங்க போற, எதுக்குப் போற, வண்டி யாரோடதுன்னு கேட்டுட்டே இருக்கான். பொண்ணு பின்னாடி உக்காந்து அவன் தொப்பியில இருக்கிற பட்டன எண்ணுது." பின்னால் ஒரு குரல் போனை வைக்கச் சொன்னது. வைத்துவிட்டார்.

வெர்னா ஜன்னலோரம் போய் நின்றாள். தன் அண்ணனை, அப்பாவை, தன்னை, எத்தனை முறை அந்தத் தெருவில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவளுக்குக் கணக்கே கிடையாது. வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று நேரத்துக்குப் பள்ளிக்கு வரவில்லை, ஏனென்றால் அவளுடைய அப்பா கறுப்பர். இதை யாரிடம் சொல்லி அழுவது? ஒடெசா இந்நேரம் எரிமலை வீடியோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒன்பது ஐம்பத்தாறுக்குப் பழைய கார் வாசலில் வந்து நின்றது. ஹனான் பையோடு ஓடிவந்தாள். தாமதமாக வருகிறவர்கள் காரணத்தோடு சான்று கொடுக்க வேண்டும், அதுவும் விதி. அவாத் சட்டைப் பையிலிருந்து போலீஸ்காரர் கொடுத்த எச்சரிக்கைச் சீட்டை எடுத்து நீட்டினார். மிஸ் ஹால்வர்சன் அதை வாங்கி, பிள்ளையை வகுப்புக்கு அனுப்பச் சொன்னார். பிறகு சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இதுல ஓட்டுநரோட இனம்னு ஒரு கட்டம் இருக்கு," என்றார். "கறுப்பர்னு டிக் ஆகியிருக்கு. இங்க பிள்ளையோட படிவத்துல வெள்ளையர்னு இருக்கு. ரெண்டும் அரசாங்கக் காகிதம்."

டாக்டர் பிரிஸ்கோ ஆட்டுக்குட்டிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். வெர்னா ஒருத்திதான் நின்றாள்.

"போலீஸ்காரர் இவர்கிட்ட இனம் கேட்டு எழுதினாரா?" என்று அவாத் பக்கம் திரும்பினாள்.

"கேக்கல. மூஞ்சியப் பாத்தான், எழுதினான்."

"அது கண்ணால பாத்து எழுதினது, மிஸ் ஹால்வர்சன். எங்க படிவம் பெத்தவர் கைப்பட எழுதினது. பெத்தவர் எழுதியிருந்தா கண்ணால பாக்கக் கூடாதுன்னு உங்க விதியிலயே இருக்கு. பதினாலாம் பக்கம்."

"எனக்கு விதி தெரியும்மா. ஆனா நீங்களே கொஞ்சம் பாருங்க..."

"நான் பாக்க மாட்டேன்," என்றாள் வெர்னா. "பாக்கக் கூடாதுன்னு எங்க சாருடைய வகுப்புல ரெண்டு நாள் உக்காந்திருக்கேன். நீங்களும் பாக்காதீங்க. இந்த ஊருல எங்களப் பாத்துப் பாத்தே தீர்ப்பு எழுதினாங்க, எங்க அம்மா காலத்துல இருந்து. இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் பாக்காம காகிதத்த மட்டும் படிங்க."

அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பத்தாக ஒரு நிமிடம். சங்கிலியில் தொங்கிய பேனாவை எடுத்து எழுபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எச்சரிக்கைச் சீட்டை மடித்து அவாத்திடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது எங்க கோப்புல தேவைப்படாது," என்றார். "நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

மாலை மூன்று மணிக்குள் வெர்னா மூன்று குடும்பங்களுக்குப் போன் செய்துவிட்டாள். முதலாவது தாய் போனிலேயே கூவினாள். இரண்டாவது தந்தை நம்பாமல் நான்கு முறை திரும்பக் கேட்டார். மூன்றாவது போனை வெர்னா தன் வீட்டு எண்ணுக்குப் போட்டு, பதிவுக் கருவியிடம், "டிஸ்முக் குடும்பத்துக்கு, உங்கள் மகளுக்கு இடம் கிடைத்துள்ளது," என்று சொல்லி வைத்தாள். விதி விதிதான், அழைத்த நேரம் பதிவாக வேண்டும். பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதாள்.

அன்று வீட்டில் ஒடெசா கேட்டாள், "எப்படிம்மா திடீர்னு இடம் வந்துச்சு?"

சந்தோஷத்தில் வெர்னாவின் நாக்கு கொஞ்சம் நீண்டுவிட்டது. "புதுசா ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு சேர்ந்துச்சு கண்ணு. எழுபத்துநாலு பேரு எழுபத்தஞ்சாச்சு, அதால உனக்கு இடம்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் யார் நல்லது செய்தாலும் மூன்று நாளுக்குள் நன்றி அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மகளைப் பழக்கியவளும் அவளேதான். ஒடெசா அன்றைக்கே அட்டை செய்தாள். முன்பக்கத்தில் வால் முளைத்த பூச்சி ஒன்று. உள்ளே: நீ வந்ததால் நானும் வந்தேன், மிக்க நன்றி.

புதன்கிழமை ஒடெசா பள்ளியில் சேர்ந்தாள். பெல்லெட்டியே தானே ஒரு நுண்ணோக்கியின் உறையைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார். பக்கத்து நாற்காலியில் ஹனான். மதிய உணவுக்குள் இருவரும் ஈருடல் ஓருயிர்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை காரில் ஏறியதும் ஒடெசா பையைத் திறந்தாள். அட்டை இன்னும் உள்ளேயே இருந்தது, மூலை மடங்கிப் போய்.

"இன்னும் குடுக்கலையா?" என்றாள் வெர்னா, கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"அந்தப் பொண்ணக் கண்டுபிடிக்க முடியலம்மா. ஹனான்தான் ஐடியா குடுத்தா. முன்னாடி எழுபத்துநாலு பேரு, இப்ப எழுபத்தஞ்சுன்னு நீ சொன்னல்ல? சாப்பாட்டுக் கூடத்துல எல்லாரும் வருவாங்கல்ல, அங்க வச்சு எண்ணிடலாம், எண்ணும்போது புது மூஞ்சி தெரிஞ்சிடும்னு சொன்னா. முதல் நாள் எண்பது வந்துச்சு. அதுல சில பேரு போர்ட்டோ ரிக்கோன்னு அப்புறம் கேட்டுத் தெரிஞ்சுது. அவங்களக் கழிச்சோம். நேத்தும் எண்ணினோம், இன்னிக்கும் எண்ணினோம். எழுபத்துநாலுதான் வருது."

வெர்னா சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஹனான் எண்ணினா தப்பே வராதும்மா," என்றாள் ஒடெசா. "ஒருத்தி குறையுறா, எங்கயோ விட்டுட்டோம்னு அவளுக்கு ஒரே கவலை. திங்கக்கிழமை மறுபடி முதல்ல இருந்து எண்ணலாம்னு சொல்லியிருக்கா."